வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு

மே 15, திங்கள்

பத்திரப் பதிவுக்குத் தேதி கிடைத்துவிட்டது. வருகிற 29ஆம் தேதி காலையில். பத்திரம் எழுதும் ஜெயபால் போனில் சொன்னபோது தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷத்தில் ஒன்றைக் கருக விட்டுவிட்டேன். அதைக் கணவர் தட்டிலேயே வைத்தேன். ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார். முன்பென்றால் தெரு முழுக்கச் சொல்லிக் கேலி செய்திருப்பார்.

இருபத்தாறு வருஷமாக வாடகைக்கு இருக்கிற வீட்டையே வாங்கப் போகிறோம். வீட்டுக்கார அய்யா போன வருஷம் காலமானார். மகள் தேவசேனா திருச்சியில், மகன் ராஜவேலு மஸ்கட்டில். மருதமரச் சந்தில் இருக்கும் இந்தப் பழைய வீடு இரண்டு பேருக்கும் வேண்டாம். நாங்கள் வாங்காவிட்டால் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்ட ஒரு கம்பெனிக்காரர் தயாராக நிற்கிறார். அப்புறம் நாங்கள் பெட்டி படுக்கையோடு வேறு வீடு தேட வேண்டியதுதான். அது மட்டும் கூடாது. என்னை எங்கே போட்டாலும் தூங்கிவிடுவேன். அவருக்கு இடம் மாறினால் ஆகாது. இந்த வீட்டில் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நடப்பார்.

ஜனவரியில் ஒப்பந்தம் போடும்போதே எல்லாம் அவர் பெயரில்தான் என்று பிடிவாதமாக நின்றேன். ஆர்.எம்.எஸ். என்கிற ரயில்வே தபாலில் சார்ட்டராக இருந்து காலமெல்லாம் ஊரார் விலாசத்தைப் பிரித்துப் போட்ட மனிதர். கூடலிங்கம் என்ற பெயருக்குக் கீழே சொந்தமாக ஒரு விலாசம் இருக்கட்டுமே.

மே 18, வியாழன்

நாத்தனார் நாச்சியார் வந்திருந்தாள். வைகாசி முடிவதற்குள் ஜூன் 8ஆம் தேதி நல்ல முகூர்த்தமாம். அதை விட்டால் ஆனி ஆகாது, ஆடி ஆகாது, ஆவணிதான் என்றாள். நான் சும்மா இருக்காமல், "இருக்குற வீடுதான நாச்சியா, அடுப்புல பால வச்சு எறக்குனாப் போதாதா?" என்று கேட்டுவிட்டேன்.

"நல்லாருக்கு மதினி. இருக்குற வீட்டுலயே பால் காய்ச்சுனா அதுக்குப் பேரு காப்பி போடுறது. ஒரு சாமான் இல்லாமக் காலி பண்ணி, பெயிண்ட் அடிச்சு, வெளிய போயி நின்னு, புதுசா வர்ற மாதிரி வலதுகால் வச்சு வரணும். இல்லாட்டிக் கடைசி வரைக்கும் குடித்தனக்காரங்கதான்."

அந்தக் கடைசி வார்த்தை என்னைத் தொட்டுவிட்டது. குடித்தனக்காரர்களாக நாங்கள் இருந்த லட்சணம் எனக்கல்லவா தெரியும். வீட்டுக்கார அய்யா நல்ல மனிதர்தான், ஆனால் சுவரில் ஆணி அடித்தால் அவருக்குத் தாங்காது. குடிவந்த வாரத்தில் காலண்டர் மாட்ட ஒரே ஓர் ஆணிக்கு அனுமதி கேட்டு இவர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். கிடைத்தது. அந்த ஒற்றை ஆணியோடு சரி. மற்றதையெல்லாம் வைக்க இவரே பலகை வாங்கி, ஆபீசில் தபால் பிரிக்கும் அலமாரி போலக் கட்டம் கட்டமாகச் செய்து, பெஞ்சு மேல் நிறுத்தி வைத்தார். ஒரு கட்டத்தில் கண்ணாடி, ஒன்றில் தீப்பெட்டி, ஒன்றில் மாத்திரை, ஒன்றில் நகவெட்டி. கை தானாகப் போய் எடுக்கும். நான் ஒன்றை மாற்றி வைத்துவிட்டால், "மங்கா, திருநெல்வேலிப் பையில மானாமதுரையப் போட்டுட்ட" என்பார்.

மே 24, புதன்

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். அவர் சொன்ன பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மறதி. வயசானால் வருகிற மறதி. அவ்வளவுதான். "பழகுன எடத்த மட்டும் மாத்திராதீங்கம்மா. பாதி மருந்து அதுதான்" என்றார். அதற்குத்தானே சார் இந்த வீட்டையே வாங்குகிறோம் என்றேன். அவர் கையைக் கூப்பினார்.

யாரிடமும் சொல்லவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலம் தள்ளியவள் நான். காதில் விழுந்ததை வாயில் விடக்கூடாது என்று பழகியிருக்கிறேன். பதிவாளர் முன்னால் அவர் நின்று பெயர் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். அது முடியட்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மே 29, திங்கள்

நடக்கவில்லை.

காலை ஒன்பது மணிக்கே கரைவேட்டி கட்டிவிட்டு, புதுப் பேனாவை அவர் பையில் சொருகி, பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். தேவசேனா திருச்சியிலிருந்து வந்திருந்தாள். ராஜவேலு வர முடியாததால் அக்காளே அவனுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட ஓர் அதிகாரப் பத்திரம் அனுப்பியிருந்தான். அதில் அந்த ஊர் இந்தியத் தூதரகத்தின் முத்திரை இல்லையாம். உள்ளே போன வேகத்தில் ஜெயபால் வெளியே வந்தார்.

"செல்லாதுன்னுட்டாங்கக்கா. தம்பி அங்க நேர்ல போயி முத்திர வாங்கித் திரும்ப அனுப்பணும். ஒரு பத்துப் பதினஞ்சு நாள் ஆகும்."

"முந்தியே பாக்க மாட்டீங்களா?"

"எல்லாம் சரியா இருக்குன்னு தம்பிதான் சொல்லிச்சு. நான் என்னக்கா செய்யிறது?"

ராஜவேலுவை நினைத்தால் வயிறு எரிகிறது. கம்ப்யூட்டரில் பெரிய வேலையாம். ஒரு முத்திரை வாங்கத் துப்பில்லை.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் என் முந்தானையை இழுத்து, "எந்த வண்டிக்கு உக்காந்துருக்கோம் மங்கா?" என்றார். பாண்டியன் எக்ஸ்பிரஸ் என்றேன். லேட்டா என்றார். லேட்டுதான் என்றேன். எப்போதும் கேலிக்காரர்.

மே 31, புதன்

பத்திரம் தள்ளிப் போனால் பாலும் தள்ளிப் போகட்டும் என்றேன். நாச்சியார் விடவில்லை. சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாயிற்றாம். ஆவணி வரை காத்திருந்தால் கண் படுமாம். தேவசேனாவுக்கு போன் போட்டு நாச்சியாரே கேட்டுவிட்டாள். "தாராளமாக் காய்ச்சிக்கங்க, அது உங்க வீடுதான்" என்றாளாம்.

உங்க வீடுதான் என்று அவள் வாயால் சொன்னதைக் கேட்டதும் எனக்கும் ஆசை வந்துவிட்டது. இரண்டு நாள் வேலைதானே. சாமானை எடுப்போம், மறுபடி கொண்டுவந்து வைப்போம்.

ஜூன் 6, செவ்வாய்

வீடு காலி. இத்தனை வருஷத்தில் வெறும் வீட்டை நான் பார்த்ததேயில்லை. பேசினால் எதிரொலிக்கிறது. சுவருக்குச் சந்தன நிறம், கதவுகளுக்கெல்லாம் ஒரே காப்பிக்கொட்டை நிறம். குளியலறைக் கதவு இதுவரை நீலமாக இருந்தது, இப்போது எல்லாம் ஒன்றுபோல் லட்சணமாக இருக்கின்றன. பெயிண்ட்காரர்கள் காலண்டர் ஆணியைப் பிடுங்கி ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்திருக்கிறார்கள். தடவிப் பார்த்தேன், எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. நல்ல வேலைக்காரர்கள்.

கட்ட அலமாரியை நாச்சியார் தன் வீட்டு மாடிக்கு அனுப்பிவிட்டாள். அண்ணனுக்கு அவள் சீராகக் கண்ணாடிக் கதவு போட்ட புது ஷோகேஸ் வருகிறதாம். "புது வீட்டுக்கு அந்தப் பழைய பலகை எதுக்கு மதினி?" அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டேன்.

நேற்றிலிருந்து வில்லாபுரத்தில் நாச்சியார் வீட்டில் இருக்கிறோம். புது இடம். அவர் தூங்கவில்லை. எப்போது போகலாம் என்று கேட்டுக்கொண்டேயிருக்கிறார்.

ஜூன் 8, வியாழன்

பால் பொங்கியது. கிழக்குப் பக்கமாகப் பொங்கியது என்று நாச்சியார் குலவை போட்டாள். சந்தில் எல்லோருக்கும் கேசரி, வடை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எங்களுக்குக் குழந்தை இல்லை என்று துக்கம் விசாரிப்பதுபோல் விசாரித்த வாய்களெல்லாம் இன்றைக்கு வீடு பிரமாதம் என்றன.

அவர் சாமி படத்தை ஏந்திக்கொண்டு சொன்னபடி வலது காலை வைத்து உள்ளே வந்தார். நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார். எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். "வீடு நல்லாருக்கு, காத்தோட்டமா இருக்கு. வாடகை எம்புட்டு சொல்றாங்க?" என்றார்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்லோரையும்விட நான்தான் கூடுதலாகச் சிரித்தேன்.

ஜூன் 9, வெள்ளி

சாமான் எல்லாம் வந்துவிட்டது. நாச்சியாரின் மருமகள்கள் அடுக்கிக் கொடுத்தார்கள். கட்டில் ஜன்னல் பக்கம் போய்விட்டது. அதுதான் வாஸ்துவாம். ஷோகேஸ் பளபளவென்று இருக்கிறது. கண்ணாடி எங்கே என்று இவர் கேட்டார். மூக்கின் மேல் இருந்தது. தீப்பெட்டி எங்கே என்றார். காலண்டர் எங்கே என்றார். தேதி எங்கே என்றார்.

ஜூன் 13, செவ்வாய்

விடிகாலையில் சமையலறைத் தரையைக் கழுவிவிட்டேன். ஏன் என்று எழுதவில்லை.

இருட்டில் அவருக்கு அடையாளம் தெரியட்டும் என்று குளியலறைக் கதவுக்கு நீல பெயிண்ட் ஒரு சின்ன டப்பா வாங்கி வந்தேன். அதே நீலம் கடையில் இல்லை. கொஞ்சம் கரும் நீலம்தான் கிடைத்தது. அடித்தேன். அவர் அதன் முன்னால் நின்று பார்த்துவிட்டு, யார் வீட்டுக் கதவு என்று கேட்டார்.

ஜூன் 20, செவ்வாய்

ராஜவேலுவுக்கு ஆபீசில் விடுப்பு கிடைக்கவில்லையாம். அடுத்த வாரம் பக்ரீத் விடுமுறை, தூதரகமும் இருக்காதாம். அதற்கடுத்த வாரம் கட்டாயம் போவானாம். ஜெயபால் இதையெல்லாம் மழை வரும் வராது என்று சொல்வதுபோல் சொல்கிறார். எனக்கு ஒவ்வொரு நாளும் எப்படிப் போகிறது என்று இவர்களிடம் எந்த வாயால் சொல்வது? சொன்னால், இவர் கையெழுத்துச் செல்லுமா என்று ஒரு கேள்வி வரும். வந்துவிட்டால் முடிந்தது கதை.

கட்டிலைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. அவர் ஜன்னல் பக்கமே போய்த் தரையில் படுத்துக்கொள்கிறார்.

ஜூலை 3, திங்கள்

காலையில் நடைப்பயிற்சி போனார். மத்தியானம் ஆட்டோவில் வந்தார். ஆட்டோக்காரர் நல்ல மனிதர், காசு வாங்க மாட்டேன் என்றார்.

"ஜங்ஷன்ல ஆர்.எம்.எஸ். ஆபீஸ் வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தாரும்மா. டூட்டிக்கு வந்துருக்கேன், கேட்டைத் தொறங்கன்னு சத்தம். சட்டப் பையில உங்க நம்பர் இருந்துச்சு."

பழைய நண்பர்களைப் பார்க்கப் போயிருப்பார் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "பாத்துக்கங்கம்மா" என்று போனார். பாத்துக்கங்க என்பதை ஊரில் எல்லோரும் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள்.

ஜூலை 12, புதன்

ஒப்பந்தக் காலம் முடிகிறது. நீட்டித்து எழுதாவிட்டால் கம்பெனிக்காரர் உள்ளே நுழைந்துவிடுவார். தேவசேனா திருச்சியிலிருந்து நேரே வீட்டுக்கு வந்தாள். கம்பெனிக்காரர் தினமும் போன் செய்கிறாராம். "நான் வாக்குக் குடுத்துட்டேன், மாற மாட்டேன்க்கா" என்றாள். அவளை வாய்விட்டு வாழ்த்தினேன். அவள் தம்பியை மனசுக்குள் வைதேன்.

பத்திரத்தை அவர் முன்னால் வைத்து, பேனாவைக் கையில் கொடுத்தேன். காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க போடுங்க" என்று விரலை வைத்தேன். கூட என்று எழுதிவிட்டு நிறுத்தினார். நான் அவர் தோளைத் தொட்டேன். லிங்கம் வந்தது, ஆனால் ஒரு வரி கீழே.

"சாருக்கு ஒடம்பு எதும் சரியில்லையாக்கா?"

"கண்ணாடி மாத்தணும்மா. பவர் கூடிருச்சு."

தேவசேனா காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கையெழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மகராசி.

ஜூலை 17, திங்கள்

முத்திரை குத்திய அதிகாரப் பத்திரம் வந்துவிட்டது! காலையில் ஜெயபால் சொன்னதும் மீனாட்சி கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டேன். மத்தியானம் தேவசேனா போன் செய்தாள்.

"அக்கா, இன்னைக்கு ஆடி பொறந்துருச்சு. அப்பா வீட்ட ஆடியில எழுதிக் குடுக்க வேணாம்னு எங்க மாமியார் சொல்றாங்க. எனக்கும் மனசு வரல. ஒரே மாசம்தான்க்கா. ஆவணி பொறந்ததும் மொத டோக்கன் நமக்குத்தான்."

நான் கெஞ்சினேன். வாழ்க்கையில் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை. நேற்று வரை ஆனி இருந்தது, நாலு நாள் முந்தி வந்திருந்தால் என்ன, கூரியர்க்காரனுக்கு என்ன கேடு என்று கத்திவிட்டேன். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அப்புறம் நானே அவளைச் சமாதானம் செய்தேன்.

ஆடிக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? வைகாசி, வைகாசி என்று வீட்டைக் காலி செய்து பால் காய்ச்சியவள் அல்லவா.

ஒரு மாசம். அவருக்கு ஒரு மாசம் என்பது எவ்வளவு என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜூலை 28, வெள்ளி

கட்ட அலமாரி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று காலையில் திடீரெனத் தோன்றியது. அடுத்த வீட்டில் அவரை உட்கார வைத்துவிட்டு வில்லாபுரம் ஓடினேன். மாடியில் பெஞ்சு மட்டும் இருந்தது.

"மழையில ஊறிப் பலகையெல்லாம் பிரிஞ்சுபோச்சு மதினி. வெந்நி அடுப்புக்குப் போட்டுட்டேன். ஏன், எதும் உள்ள இருந்துச்சா?"

"ஒண்ணும் இல்ல. வெறும் பலகைதான்."

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நாச்சியார் பயந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். "மதினி, அண்ணனுக்கு என்னாச்சு? உண்மையச் சொல்லுங்க, அன்னைக்கு வாடகை கேட்டாகளே, அது வெளையாட்டு இல்லதான?" என்றாள். வயசாச்சு என்றேன். இவளைத் திட்டலாம் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

வரும் வழியில் பலகைக் கடையில் அளவு கேட்டார்கள். எத்தனை கட்டம், எதில் எது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அது அவருக்குத்தான் தெரியும்.

ஆகஸ்ட் 9, புதன்

தினமும் காலைப் பலகாரத்துக்குப் பிறகு பாடம் நடக்கிறது.

"பேரு?"

"கூடலிங்கம்."

"அப்பா பேரு?"

"பெரியகருப்பன்."

"வெலாசம்?"

கதவு எண், மருதமரச் சந்து, மதுரை, பின்கோடு வரை மூச்சு விடாமல் சொல்கிறார். இன்னும் எந்த ஊர்ப் பின்கோடு கேட்டாலும் சொல்கிறார். ஆண்டிப்பட்டி, அருப்புக்கோட்டை, அபிராமம்.

"இந்த வீட்ட வாங்குறது யாரு?"

"யாரோ கம்பெனிக்காரன்னாங்க."

"நீங்கதாங்க. நீங்கதான் வாங்குறீங்க."

"நமக்கெதுக்கு மங்கா வம்பு. நமக்குத்தான் வீடு இருக்குல்ல?"

இன்றைக்குப் பொறுமை போய்விட்டது. இதுதாங்க அந்த வீடு, இதுதான், இதுதான் என்று சுவரில் அடித்து அடித்துக் காட்டினேன். கை சிவந்துவிட்டது. அவர் பயந்துபோய், "சத்தம் போடாத, வீட்டுக்காரர் காதுல விழுந்துரும்" என்றார்.

சாயங்காலம் வரை நான் அவரோடு பேசவில்லை. அது அவருக்குத் தெரியவும் இல்லை.

ஆகஸ்ட் 21, திங்கள்

ஆவணி பிறந்து முதல் டோக்கன். காலை பத்து மணிக்குப் போனோம். பத்தரைக்கு சர்வர் போய்விட்டது. தமிழ்நாடு முழுக்கவாம். வந்துவிடும் வந்துவிடும் என்று சாயங்காலம் வரை உட்கார வைத்தார்கள். கல்யாணக் கூட்டம் மாதிரி ஆட்கள். காலையில் நன்றாகத்தான் இருந்தார், பேரும் விலாசமும் கணீரென்று சொன்னார். எல்லாம் தயாராக இருந்த ஒரு நாள். நேரம் ஆக ஆக அவர் எழுந்து வாசலுக்குப் போவதும் நான் இழுத்து வருவதுமாக இருந்தது. "பையெல்லாம் கட்டியாச்சா? வண்டி எடுத்துருவான்" என்று கத்தினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தேவசேனா வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் வீட்டுக்காரர் மக, தேவசேனா. தெரியுதா சார்?" என்றாள். அவர் சட்டென்று அடங்கி, வேட்டியைச் சரி செய்துகொண்டு, "இந்த மாசம் வாடகை குடுத்தாச்சும்மா" என்றார்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

அடுத்த டோக்கன் செப்டம்பர் 4.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

எதுவும் எழுதத் தோன்றவில்லை. துணி துவைத்தேன்.

செப்டம்பர் 4, திங்கள்

முடிந்துவிட்டது. வீடு எங்களுடையது.

ஒரு தடங்கலும் இல்லை. போனதும் கூப்பிட்டார்கள். ஜெயபாலே ஆச்சரியப்பட்டார். பதிவாளர் சின்ன வயசுப் பெண். நிமிர்ந்து பார்த்து, "அய்யா, உங்க பேரு?" என்றாள். அவர் அவளைப் பார்த்தார், மேஜை மேல் இருந்த காகிதக் கட்டுகளைப் பார்த்தார், முதுகை நிமிர்த்தினார்.

"கூடலிங்கம். சார்ட்டர், ஆர்.எம்.எஸ்."

அப்பா பெயர் சொன்னார். விலாசத்தைப் பின்கோடோடு சொன்னார். காமிராவைப் பார்க்கச் சொன்னதும் பார்த்தார், விரலை வைக்கச் சொன்னதும் வைத்தார். கையெழுத்து ஒரே வரியில் நின்றது. பதிவாளர் பெண் சிரித்துக்கொண்டே, "வாழ்த்துகள் அய்யா, சொந்த வீட்டுக்காரர் ஆயிட்டீங்க" என்றாள். அவர் அவளைக் கும்பிட்டார். தேவசேனா சாவிக்கொத்தை இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தாள். எங்கள் கையில் காலமெல்லாம் இருந்த அதே சாவியின் ஜோடிதான். அவர் வாங்கி, பத்திரமாக என்னிடம் கொடுத்தார்.

வரும்போது ஒரு கடையில் நிறுத்தி ஆணி வாங்கினேன். ஒரு பாக்கெட் நிறைய. போன வாரமே முடிவு செய்திருந்தேன், பத்திரம் முடிந்ததும் முதல் வேலை இதுதான் என்று. வீட்டுக்கு வந்து புடவைகூட மாற்றவில்லை. காலண்டர் இருந்த இடத்தைக் கண்ணால் அளந்து, நாற்காலி மேல் ஏறி, சுத்தியலால் அடித்தேன். சந்தன நிறம் பொரிந்து விழுந்தது. எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. என் சுவர். எங்கள் சுவர்.

அவர் பதறிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார்.

"மங்கா, என்ன செய்யிற நீ? வீட்டுக்காரரக் கேட்டியா?"

"நீங்கதாங்க வீட்டுக்காரர். காலையில கையெழுத்துப் போட்டீங்கள்ல?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்பதுபோல் என் கையிலிருந்து சுத்தியலை மெல்ல வாங்கிக் கீழே வைத்தார். "நீ எறங்கு. கேக்காமச் செய்யக் கூடாது. நான் போயிக் கேட்டுட்டு வர்றேன்" என்றார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

நான் நாற்காலி மேலேயே நின்றுகொண்டிருந்தேன். ஓடிப் போய்ப் பிடிக்க வேண்டும் என்று தோன்றியது. இறங்கவில்லை. யாரைத் திட்டலாம் என்று தேடிப் பார்த்தேன். ராஜவேலுவை, ஜெயபாலை, சர்வரை, ஆடியை, நாச்சியாரை. எல்லோரையும் ஏற்கனவே திட்டியாகிவிட்டது. மிச்சம் நான் மட்டும்தான்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. மரியாதையாக, இரண்டே தட்டு.

திறந்தேன். வாசலில் அவர்தான். கையைக் கட்டிக்கொண்டு, கொஞ்சம் குனிந்து நின்றார். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"வணக்கம்மா. கூடலிங்கம், ஆர்.எம்.எஸ்.ல இருக்கேன். புதுசாக் குடி வந்துருக்கோம். செவத்துல ஒரே ஒரு ஆணி மட்டும் அடிச்சுக்கலாமான்னு கேக்க வந்தேன். காலண்டர் மாட்டத்தான். வீட்டுல அவளுக்கு ரொம்ப ஆச."

தெருவில் யாரோ ஸ்கூட்டரில் போனார்கள். நான் நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"அடிச்சுக்கங்க," என்றேன். "எத்தன ஆணி வேணும்னாலும் அடிச்சுக்கங்க. உங்க வீடு மாதிரி நெனச்சுக்கங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து எத்தனையோ நாளாயிற்று. "ரொம்ப நன்றிம்மா, அவகிட்டச் சொல்லிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, படியிறங்கித் தெருவில் இடது பக்கமாக நடக்க ஆரம்பித்தார். நான் கதவைத் திறந்து போட்டபடி அவர் பின்னாலேயே போனேன்.